பழைய ஸ்டீரியோ ஸ்லைட் வியூவருக்கு எல்.ஈ.டி.: வெளிச்சம் கூடியும் கண் வலிக்கிறதே?

இரணைமடுக்காற்று | கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருந்த பெரியப்பாவின் சாமான்களோடு ஒரு ஸ்டீரியோ ஸ்லைட் வியூவரும் ஒரு பெட்டி ஸ்லைட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கும், பேக்லைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்ரிக்கில் செய்த பெட்டி. கொம்பனிப் பெயர் தேய்ந்து போய்விட்டது. உள்ளே இரண்டு பெரிய பற்றரி, நடுவில் ஒரேயொரு சின்னக் குமிழ், அதற்கு முன்னால் பழுப்பேறிய பிளாஸ்ரிக் தகடு. ஸ்லைட் மட்டை 101 மி.மீ. நீளம், 41 மி.மீ. உயரம், ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம், சேர்த்துப் பார்த்தால் ஆழம் தெரியும். அநேகமானவை 50களில் கோடாக்குரோம் என்ற நிறப் பிலிமில் எடுத்தவை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைப் பக்கம், இரணைமடுக் கட்டு, அரிவு வெட்டு, ஆட்கள். இங்கேயே இருந்திருந்தால் இவை எப்போதோ போயிருக்கும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரச்சினை வெளிச்சம். புதுப் பற்றரி போட்டாலும் குமிழ் மஞ்சளாகவே எரிகிறது. மாலையில் பார்ப்பது போலத்தான் எல்லாப் படமும். ரோச் லைற்றில் இருந்த வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றைக் குமிழ் இருந்த இடத்தில் பிடித்தால் வெளிச்சம் தாராளமாக வருகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கண்ணும் நெற்றியும் வலிக்கின்றன. அம்மம்மாவின் சிவப்புச் சேலை மண்ணிறமாகத் தெரிகிறது. இன்னும் பெரிய எல்.ஈ.டி. போடவேண்டுமா, அல்லது வேறு ஏதும் வழி இருக்கிறதா?

மாங்குளத்தான்

ரோச் லைற் வெளிச்சம் யானை விரட்டுவதற்குச் செய்தது. அதை வைத்து அம்மம்மாவைப் பார்க்கப் போனால் அவ கோபிக்காமல் என்ன செய்வா?

பழைய வால்வு | வவுனியா

தம்பி, பெரிய எல்.ஈ.டி. வேண்டவே வேண்டாம். உங்களுக்கு இப்போதே வெளிச்சம் கூடிப்போச்சு.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பற்றரி ரோச்சுகளில் வந்த பி.ஆர். 2 என்ற விளிம்பு வைத்த குமிழ் 2.38 வோல்ற்றில் அரை அம்பியர் இழுக்கும். கிட்டத்தட்ட 1.2 வாற். அதில் வெளிச்சமாக வருவது, ஒளியை அளக்கும் லூமன் கணக்கில், ஏறத்தாழ 10 லூமன்தான், மிச்சமெல்லாம் சூடு. உங்கள் பெட்டியில் இருப்பதும் இந்த அளவில்தான் இருக்கும். இப்போது வரும் நல்ல வெள்ளை எல்.ஈ.டி. இரண்டு மூன்றை 20 மில்லி அம்பியரில் எரித்தாலே அந்த 10 லூமன் தாண்டிவிடும்.

குமிழ் மஞ்சளாவதற்குக் காரணம் வோல்ற் இறங்குவது. இழைக்குமிழுக்கு வோல்ற் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் 30 வீதமளவு குறையும், நிறமும் சேர்ந்து சிவக்கும். 90களில் பற்றரிக்குத் தடை இருந்த நேரம் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். பெடல் சுற்றுகிற பெடியன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். அதே கதைதான் இது.

கண் வலிக்குக் காரணம் வேறு. ஒரு வேலை செய்யுங்கள். ஸ்லைட் போடாமல், வெறும் வெளிச்சத்தை ஒரு கண்ணால் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால். எந்தப் பக்கம் கூட வெளிச்சம் என்று எழுதுங்கள், மிச்சம் சொல்கிறேன்.

இரணைமடுக்காற்று | கிளிநொச்சி

இடக் கண்ணால் பார்த்தால் சட்டத்தின் வலப்பக்கம் வெள்ளையாக எரிகிறது, இடப்பக்கம் இருள். வலக் கண்ணால் பார்த்தால் அதற்கு எதிர்மாறு. இரண்டிலும் மூக்குப் பக்கம்தான் வெளிச்சம்.

பழைய வால்வு | வவுனியா

அதுதான் விஷயம். நடுவில் ஒரு குமிழ் இருந்தால் இரண்டு படத்துக்கும் உள்விளிம்பில் வெளிச்சம் கூடும். ஒற்றைக் கண் வியூவர் என்றால் ஓரம் கொஞ்சம் இருண்டிருக்கிறது என்று சகித்துக்கொண்டு போகலாம். ஸ்டீரியோவில் அப்படி முடியாது. படத்தில் இடது ஓரம் ஒரு பனைமரம் நிற்கிறது என்று வைப்போம். அந்த மரம் இடக் கண்ணுக்கு இருளில் நிற்கும், வலக் கண்ணுக்கு வெளிச்சத்தில் நிற்கும். இரண்டையும் மூளை ஒன்றாக்கவேண்டும். நிறமும் அளவும் ஒத்துப்போகிறது, பிரகாசம் மட்டும் ஒத்துப்போகவில்லை. அப்போது அந்த இடம் உலோகம் போல மினுங்கும், அல்லது ஒரு கண் மாறி மறு கண் என்று விட்டுவிட்டுத் தெரியும். நெற்றி வலி அந்த இழுபறியால் வருவது.

பழைய குமிழிலும் இதே குறை இருந்தது. மங்கலாக எரிந்ததால் கண்ணுக்கு உறுத்தவில்லை. எல்.ஈ.டி. குறுகிய கோணத்தில் அடிக்கிற சாமான், அதிலும் ரோச்சுக்கு என்று வருவது இன்னும் குறுகல். குறையைக் கூட்டிக் காட்டிவிட்டது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் இரண்டு பக்கமும் சமம், பிறகு ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் சமம், பிறகு நிறம். பிரகாசம் கடைசி.

முல்லைக் கரை | முல்லைத்தீவு

அண்ணை, ஏன் இவ்வளவு பாடு? பற்றரிப் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, போனில் வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டு ஸ்லைட்டுக்குப் பின்னால் பிடித்தால் முடிந்தது. ஓரம் நடு எல்லாம் ஒரே மாதிரி. சதச் செலவில்லை.

பழைய வால்வு | வவுனியா

சோதிப்பதற்கு அருமையான வழி, தம்பி. எல்லோரும் முதலில் இதைச் செய்து பார்க்கவேண்டும், சமமான வெளிச்சம் என்றால் என்ன என்று அப்போதுதான் கண் பழகும். போனை ஸ்லைட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். இந்த வில்லைகள் ஐந்தாறு மடங்கு பெருப்பிப்பவை, திரையின் புள்ளிகள் கொசுவலை மாதிரித் தெரியும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால் மறையும். ஓலெட் திரை என்றால் பிரகாசத்தை முழுதாக வையுங்கள். குறைத்தால் சில போன்கள் விட்டுவிட்டு எரிந்துதான் குறைத்துக் காட்டும்.

நிலையான ஏற்பாடாக நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். திரையின் வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு நிறம். பிலிம் சாயத்துக்கு முழு நிறமாலை வேண்டும்.

ரொறன்ரோப் பரண்

மட்டையின் அளவைப் பார்த்தால் இது ரியலிஸ்ட் முறை ஸ்லைட். 1947 இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் டேவிட் வைற் கொம்பனி வெளியிட்ட ஸ்டீரியோ ரியலிஸ்ட் கமராவோடு பரவிய அளவு இது. சாதாரண 35 மி.மீ. பிலிம்தான், பிலிமின் ஓரத்துத் துளைக் கணக்கில் வழமையான படம் எட்டுத் துளை அகலம் எடுக்கும், இது ஐந்து துளை. 50களில் வேறு பல கொம்பனிகளும் இதே அளவில் கமராவும் வியூவரும் செய்தன. கோடாக் கொம்பனியும் 1954 இல் ஒன்று கொண்டுவந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான்: பெட்டியில் துளை போடாதீர்கள். பேக்லைட் துளைக்கும்போது வெடிக்கும். பழைய குமிழ், தகடு, பித்தளைக் கவ்வி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். புதிதாகச் செய்வது எதுவானாலும் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மாங்குளத்தான்

பரண் அண்ணை, உங்களுக்கு அங்கே வியூவர் சேகரிப்பு. எங்களுக்கு இங்கே ஸ்லைட்தான் சேகரிப்பு. 50களின் பரந்தனை நிறத்தில் வைத்திருப்பவர் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்? பெட்டியில் ஒரு ஓட்டை விழுந்தால் விழட்டும்.

ரொறன்ரோப் பரண்

ஸ்லைட்டுக்காகத்தான் நானும் சொல்கிறேன். துளைத்தூள் உள்ளே போய், பிலிமில் படம் பதிந்திருக்கும் எமல்ஷன் படையில் விழுந்தால் கீறும். பழைய பேக்லைட்டில் கல்நார் கலந்த வகையும் உண்டு, அந்தத் தூளை மூக்குக்குள் எடுப்பது நல்லதல்ல. பற்றரி அறை வெறுமையாகத்தானே இருக்கப்போகிறது? வயரை அந்த வழியால் எடுத்தால் துளையே தேவையில்லை.

பழைய வால்வு | வவுனியா

பரண் சொல்வது சரி. பற்றரி அறையைப் பாவியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். குமிழ் இருக்கும் அறையை முழுக்க மங்கல் வெள்ளையாக்குங்கள். சுவருக்கு அடிக்கும் மினுக்கமில்லாத வெள்ளை இமல்ஷன் போதும். பெட்டியில் நேரே பூசாமல், மெல்லிய மட்டையை அளவாக வெட்டி, அதில் பூசி உள்ளே செருகினால் பரணும் கோபிக்கமாட்டார். வெள்ளீயத் தாளோ சிகரெட் பெட்டித் தாளோ ஒட்டாதீர்கள். பளபளப்பான பரப்பு ஒளியைத் திருப்பி அடிக்குமே தவிரப் பரப்பாது, கோடுகோடாகத் தெரியும். வில்லைக்கும் ஸ்லைட்டுக்கும் இடையிலுள்ள அறை கறுப்பாகவே இருக்கவேண்டும், அதில் கை வைக்கவேண்டாம்.

எல்.ஈ.டி.யை ஸ்லைட்டைப் பார்க்க வைக்காதீர்கள், பின்சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். ஒளி சுவரில் பட்டுத் தெறித்து வரட்டும். பாதி வீணாகும். ஆகட்டும், எங்களிடம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு படச் சன்னலின் நடுவில் இருந்தும் ஒரே தூரத்தில், ஒரே வரிசையில். நான்கும் ஒரே எல்.ஈ.டி. பட்டியில் வெட்டியவையாக இருக்கட்டும். வேறுவேறு பக்கற்றில் எடுத்தால் ஒன்று நீலம் தட்டும், ஒன்று மஞ்சள் தட்டும், அது கண்ணுக்குக் கண் வித்தியாசமாகிவிடும்.

அதற்கு முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு. கிளிநொச்சியில் பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் வெட்டுத்துண்டு குப்பையாகக் கிடக்கும், கேட்டால் தருவார்கள். 3 மி.மீ. தடிப்புப் போதும். ஸ்லைட்டில் இருந்து ஆகக் குறைந்தது 6 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும், இடம் இருந்தால் இன்னும் தள்ளலாம். ட்ரேசிங் பேப்பர் வேண்டாம் என்பேன். வில்லையில் அதன் நாரெல்லாம் தெரியும், வானம் இருக்கிற படங்களில் எரிச்சலாக இருக்கும்.

முல்லைக் கரை | முல்லைத்தீவு

எந்த எல்.ஈ.டி. என்று சொல்லவில்லையே? கடையில் கேட்டால் வோர்ம், கூல் இரண்டும்தான் சொல்கிறார்கள்.

ரொறன்ரோப் பரண்

ஒளி மஞ்சள் தட்டுமா நீலம் தட்டுமா என்று சொல்லும் நிறவெப்பநிலை 5000 கெல்வின் அளவு எடுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் படம் எப்படித் தெரியுமோ அதற்குக் கிட்ட வரும். ஆனால் அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ. என்ற எண். பொருட்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100க்கு எத்தனை என்று சொல்வது. இழைக்குமிழ் 100ஐத் தொடும். மலிவான வெள்ளை எல்.ஈ.டி. 70, 80க்குள் நிற்கும். அவற்றில் 450 நனோமீற்றர் பக்கம் நீலம் ஊசி போல உயர்ந்து நிற்கும், ஆழ்ந்த சிவப்பு மெலிந்திருக்கும். சேலை மண்ணிறமானது அதனால்தான். கோடாக்குரோமின் பெருமையே சிவப்பில் இருக்கிறது, அதைக் கெடுத்துவிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. 95 அல்லது அதற்கு மேல் என்று போட்ட பட்டி வாங்குங்கள்.

மஞ்சள் குமிழுக்கு முன்னால் நீலக் கண்ணாடி வைப்பது ஒரு பழைய வழி. 80ஏ என்ற நீல வடிகட்டி வைத்தால் வெளிச்சத்தில் கால்வாசிதான் மிஞ்சும். அந்தக் காலத்தில் அதைத் தாங்கக் குமிழுக்குச் சக்தி இருக்கவில்லை.

பழைய வால்வு | வவுனியா

பக்கற்றில் 95 என்று அச்சடிக்க யாருக்கும் காசு செலவில்லை. ஆகவே வாங்கியதைச் சோதியுங்கள். வீட்டு வாசலில் செவ்வரத்தம் பூ இருக்கும். ஒன்றைப் பிடுங்கி, மத்தியான நேரம் நிழலில் வைத்துப் பாருங்கள். உடனே உள்ளே கொண்டுபோய் எல்.ஈ.டி.யின் கீழே பாருங்கள். செங்கல் நிறமாக மாறினால் அந்தப் பட்டி சமையலறைக்கு. இன்னொன்று, பழைய சி.டி. ஒன்றை ஒளியில் சரித்துப் பார்த்தால் வானவில் தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருண்ட இடைவெளி பெரிதாக இருந்தால் மலிவுச் சரக்கு.

ஒளியே வாங்காமல் பார்க்கவும் வழி உண்டு. குமிழ் அறையின் பின்மூடி கழறும் வியூவர் என்றால், மூடியை எடுத்துவிட்டு, மத்தியானம் நிழல் விழுந்த வெள்ளைச் சுவரைப் பாருங்கள். எங்கள் ஊர் வெயிலில் அதைவிட நல்ல வெளிச்சத்தை யாரும் செய்யமுடியாது. சூரியனைப் பார்க்கத் திருப்பக்கூடாது, சிறுபிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கவனம்.

இரணைமடுக்காற்று | கிளிநொச்சி

கரண்டை எங்கிருந்து எடுப்பது? வீட்டில் சோலார் 12 வோல்ற் பற்றரி இருக்கிறது. பவர் பாங்கும் இருக்கிறது. பழைய இரண்டு பற்றரியிலேயே ஓடினால் நல்லது.

பழைய வால்வு | வவுனியா

இரண்டு பற்றரி 3 வோல்ற். வெள்ளை எல்.ஈ.டி.க்கு வேண்டியதும் 3 வோல்ற் அளவுதான். புதிதில் எரியும், கொஞ்சம் இறங்கியதும் மங்கும். வோல்ற் கூட்டும் சின்னச் சேர்க்கிட் ஒன்று போட்டால் ஓடும், ஆனால் மலிவானவை சில எல்.ஈ.டி.யைத் துடிக்கவைக்கும். வேண்டாம்.

12 வோல்ற் பட்டியை நேரே சோலார் பற்றரியில் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கமுன்னரே சொல்கிறேன். அந்தப் பட்டியில் மூன்று எல்.ஈ.டி.யும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையி ஒன்றும் தொடராக இருக்கும். எல்.ஈ.டி.க்கு 9 போக தடையிக்கு 3 வோல்ற். வெயில் ஏறிப் பற்றரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை போகும், அப்போது தடையிக்கு 5.4. மின்னோட்டம் 1.8 மடங்கு. பட்டி சூடாகும், ஆயுள் போகும்.

எளிய வழி 5 வோல்ற். சுவர் போன் சார்ஜர் இருந்தால் அது. சோலார் என்றால் ஓட்டோக்களில் போன் சார்ஜ் பண்ணக் குத்துகிற யூ.எஸ்.பி. சாமான் ஒன்றை 12 வோல்ற்றில் பூட்டுங்கள். 5 இல் 3 போக மிச்சம் 2 வோல்ற், 20 மில்லி அம்பியருக்கு 100 ஓம். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனி 100 ஓம் தடையி, நாலுக்கும் பொதுவாக ஒன்று என்று மிச்சம் பிடிக்காதீர்கள். மொத்தம் 80 மில்லி அம்பியர். ஆகவே பட்டியில் இருந்து எல்.ஈ.டி.யைத் தனியாகக் கழற்றி எடுக்கவேண்டிவரும், அல்லது தனி எல்.ஈ.டி.யாகவே வாங்கலாம்.

முல்லைக் கரை | முல்லைத்தீவு

பவர் பாங்க் கொஞ்ச நேரத்தில் தானாக நிற்குமே அண்ணை? நான் சின்ன எல்.ஈ.டி. ஒன்று போட்டால் அரை நிமிடத்தில் அணைந்துவிடும்.

பழைய வால்வு | வவுனியா

ஓம், பல பவர் பாங்குகள் இழுவை குறைந்தால் போன் நிறைந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடும். 47 ஓம் 1 வாற் தடையி ஒன்றைக் குறுக்கே போட்டால் கூடுதலாக 100 மில்லி அம்பியர் இழுத்து விழிப்பாக வைத்திருக்கும். சக்தி வீண்தான், மனம் கேட்காது. தடையியைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள், சூடு ஸ்லைட்டுக்குப் போகக்கூடாது.

இன்னொன்று. பழைய கவ்விகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் அல்கலைன் பற்றரி கசிந்தது. தேசிக்காய்ப் புளி ஒரு துளி பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

ரொறன்ரோப் பரண்

ஸ்லைட் பற்றி ஒரு எச்சரிக்கை. கோடாக்குரோம் இருளில் வைத்தால் நிறம் போகாத பிலிம், உங்கள் பெரியப்பாவின் படங்கள் இன்றும் சிவப்பாக நிற்பது அதனால். ஆனால் பலத்த ஒளியில் நெடுநேரம் வைத்தால் மற்றப் பிலிம்களைவிடக் கெதியாக வெளிறும். வெள்ளை எல்.ஈ.டி.யில் புற ஊதா இல்லை என்று சொல்லலாம், சூடும் ஸ்லைட்டுக்கு வராது, அது நல்லது. என்றாலும் ஸ்லைட்டைப் போட்டபடி லைற்றை எரியவிட்டு விட்டுப் போகாதீர்கள். கோடாக்குரோம் தயாரிப்பு 2009 இல் நின்றது, கழுவுவதும் 2010 கடைசியோடு முடிந்தது. திரும்ப எடுக்கவே முடியாத படம்.

இரணைமடுக்காற்று | கிளிநொச்சி

செய்து முடித்துவிட்டேன். வால்வு அண்ணை சொன்னபடி வெள்ளை மட்டை, நாலு எல்.ஈ.டி. பின்சுவரைப் பார்த்து, பெயர்ப்பலகைக் கடை அக்ரிலிக். பெட்டியில் ஒரு துளையும் இல்லை, வயர் பற்றரி மூடியின் இடுக்கால் வருகிறது. வெறும் வெளிச்சத்தை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தேன், ஓரம் எது நடு எது என்று தெரியவில்லை.

படங்களைப் பற்றி என்ன சொல்ல. அரிவு வெட்டுப் படத்தில் முன்னால் நிற்கிற பெண்ணுக்கும் பின்னால் கட்டி வைத்த உப்பட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இப்போதுதான் தெரிகிறது. முன்பு அந்த இடம் வெறும் இருட்டு. அம்மம்மாவின் சேலை சிவப்புத்தான்.

ஆனால் ஒரு சிக்கல். நானும் தங்கச்சியும் பார்த்தால் நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் வலப்பக்கம் கூட வெளிச்சமாம், நீலமாம். இரண்டு பக்கத்து எல்.ஈ.டி.யையும் இடம் மாற்றிப் பூட்டினேன், அப்போதும் வலப்பக்கம்தானாம்.

மாங்குளத்தான்

அம்மாவுக்கு வலக் கண்ணில் வெள்ளை (கண்புரை) வெட்டியதா?

இரணைமடுக்காற்று | கிளிநொச்சி

ஓம். இடக் கண் இன்னும் செய்யவில்லை. எப்படித் தெரியும்?

மாங்குளத்தான்

எங்கள் ஐயாவும் அப்படித்தான். ஒரு கண் செய்து வந்த அன்று, வீட்டுச் சுவர் ஒரு கண்ணுக்கு வெள்ளை, மற்றக் கண்ணுக்கு மஞ்சள் என்று எங்களோடு சண்டை. கண்ணில் உள்ள வில்லை வயதோடு மஞ்சளாகி நீலத்தை மறிக்கும். அதை எடுத்துப் புது வில்லை வைத்தால் நீலம் உள்ளே வரும். லைற்றில் பிழை இல்லை.

ரொறன்ரோப் பரண்

மாங்குளத்தான் முதன்முறையாகப் பயனுள்ள ஒன்று எழுதியிருக்கிறார்.

பழைய வால்வு | வவுனியா

இதற்கும் வழி இருக்கிறது. இப்போது நாலு எல்.ஈ.டி.யும் ஒரே வயரில் இருந்து எடுக்கின்றன. அதை இடம், வலம் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடராக 500 ஓம் மாறும் தடையி ஒன்று, ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைப்பது மாதிரியான சின்னது. முழுதாகக் குறைத்தால் அந்தப் பக்க மின்னோட்டம் பத்தில் ஒன்றளவுக்கு இறங்கும். அம்மா பார்க்கும்போது வலப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கட்டும், மற்றவர்கள் இரண்டையும் முழுதாகத் திறந்து வையுங்கள். பிரகாசம் ஒத்துப்போனால் நிற வித்தியாசத்தை மூளை பெரும்பாலும் சமாளிக்கும். நீலம் மிகவும் உறுத்தினால் வலப்பக்க அக்ரிலிக்குக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் செலோபேன் துண்டு ஒன்று, கழற்றக்கூடியதாக.

இரண்டு திருகியையும் எங்கே பூட்டுவது என்று கேட்பீர்கள். பெட்டியில் அல்ல, வயரின் நடுவில் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள். இடக் கைக்கு இடது, வலக் கைக்கு வலது. அடையாளம் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மாறித் திருகுவா. இடக் கண் செய்த பிறகு இரண்டையும் முழுதாகத் திறந்துவிடச் சொல்லுங்கள்.